மினுக்கினால் போச்சு

நூதனசாலைக்கு வருகிறவர்கள் அதிகம் குறைப்படுவது லைட்டைப் பற்றித்தான். "ஏன் தம்பி, கறண்ட் பில் கட்டக் காசில்லையா?" என்று ஒரு ஐயா கேட்டே விட்டார். காசு இருக்கிறது ஐயா. ஆனால் கடதாசி, துணி, ஓலை இருக்கிற இடத்தில் வெளிச்சம் 50 லக்ஸை (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பொது வழக்கம். வெயிலில் வெளிறிய சாயம் பிறகு இருட்டில் வைத்தாலும் திரும்பாது. உள்ளே வந்ததும் ரெண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகிவிடும்.

பழகியதும் ஏட்டுக்கு முன்னால் போங்கள். அதில் உள்ளது மையால் எழுதியதல்ல. எழுத்தாணியால் கீறி, அந்தக் கீறலுக்குள் எண்ணெயில் குழைத்த கரியைத் தேய்த்து நிரப்புவார்கள். காலப்போக்கில் கரி உதிர்ந்தால் ஓலை வெறுமையாகத் தெரியும். "எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு" என்று வீடுகளில் எறிவது இதைத்தான். கீறல் அப்படியே இருக்கும். டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வரி வரியாக எழும்பி வரும்.

எனக்கு அதைவிடக் கவலை கூத்துக் கொப்பிகள். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்தும் ஆடிய ஊர்களில், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீட்டு அலுமாரியைத் திறந்தால் ஏட்டைப் பார்த்து எழுதிய பழைய கொப்பி ஒன்றாவது இருக்கும். கிழிந்த இடத்தில் பேரப்பிள்ளை பாசத்தோடு டேப் ஒட்டியிருப்பார். சில வருடத்தில் டேப் மஞ்சளாகிக் கழன்றுவிடும், பசை மட்டும் கடதாசிக்குள் ஊறி நிற்கும். லெமினேட் செய்வது அதைவிட மோசம்: சூட்டில் ஒட்டியதைப் பிரித்தெடுக்க வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழிசலை அப்படியே விடுங்கள். மாரி மழைக்குப் பூஞ்சணம் பிடித்தால் வெயிலில் போடாமல், நிழலில், காற்றுப் படும் இடத்தில் உலரவிடுங்கள்.

அப்புறம் காசு. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்புப் புளியந்தீவில் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அவர்களுடைய கம்பெனியின் செப்புக்காசு இன்றைக்கும் சிலரிடம் உண்டு. கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகளான வீ, ஓ, சீ (VOC) மூன்றும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும், கீழே வருடம். தேசிக்காய்ப் புளி போட்டு மினுக்கிக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டுகிறார்கள். பளபளக்கிறது, சரி. வருடம் எங்கே? புளி அழுக்கோடு செம்பையும் கொஞ்சம் தின்றுவிடும். எழுத்துப் பொறித்த பழைய குத்துவிளக்குக்கும் இதே கதைதான். தினமும் ஏற்றுகிற விளக்கை நன்றாக மினுக்குங்கள், அதில் எனக்கு வழக்கில்லை.

கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ இப்படி ஏதும் கிடைத்தால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அறிவிக்க வேண்டும். 1815 மார்ச் 2க்கு முந்தியது என்றால் தொல்பொருள்தான்.

வீட்டுப் பொருளை எங்களிடம் காட்ட விரும்பினால் துடைக்காமல் கொண்டுவாருங்கள். யாருடையது, எந்த ஊர், யார் கையால் வந்தது என்று தனித்துண்டில் எழுதிக் கூடவே வையுங்கள். பெரும்பாலும் பொருள் வந்து சேர்கிறது, இந்த விபரம் வருவதில்லை. அம்மம்மாவிடம் இப்போதே கேட்டு எழுதினால்தான் உண்டு. பழைய போட்டோ என்றால் பின்பக்க ஓரத்தில், பென்சிலால், அழுத்தாமல் எழுதலாம். பேனா வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறும்.