கார்க் கண்ணாடியின் உட்புறம் ஏன் மங்குகிறது?

மழை நாளிலோ குளிர்ந்த காலைப் பொழுதிலோ காரில் ஏறி அமர்ந்த சற்று நேரத்திலேயே முன்கண்ணாடியின் உட்புறம் வெளுத்து மங்கத் தொடங்கும். ஓட்டுநர் புறங்கையாலோ துணியாலோ அதைத் துடைப்பார், பாதை தெரியும், இரண்டு நிமிடங்கள் கழித்து, துடைத்த இடமும் துடைக்காத இடமும் மறுபடி ஒன்றுபோல் மங்கிவிடும். துடைப்பதால் நீர் காரைவிட்டு வெளியே போவதில்லை என்பதே இதற்குக் காரணம். கண்ணாடியில் இருந்த நீர் துணிக்கு மாறுகிறது. துணியிலிருந்து ஆவியாகிக் காருக்குள் இருக்கும் காற்றில் கலக்கிறது. அந்தக் காற்று கண்ணாடியைத் தொடும்போது மீண்டும் அங்கேயே வந்து சேர்கிறது. கையால் துடைத்தாலோ தோலின் எண்ணெய்ப் பசையையும் கூடவே பூசிவிடுகிறோம். அது அடுத்த முறை ஆவி படிவதை இன்னும் மோசமாக்கும்.

காற்றில் கலந்திருக்கக்கூடிய நீராவிக்கு வெப்பநிலையைப் பொறுத்து ஓர் உச்ச அளவு உண்டு. 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் இடத்தில் ஏறத்தாழ 9.4 கிராம், 20 டிகிரியில் 17.3 கிராம், 30 டிகிரியில் 30 கிராமுக்குச் சற்று மேல் என்று அது விரைவாகக் கூடுகிறது. அதாவது வெப்பநிலை 10 டிகிரி உயரும்போதெல்லாம் இந்த உச்சம் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. இதையே தலைகீழாகப் பார்த்தால், காற்று குளிரக் குளிர ஒரு கட்டத்தில் அதிலுள்ள நீராவியே அதன் உச்ச அளவாகிவிடும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். பனிநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பைக் காற்று தொட்டாலும், மிகுதியான நீராவி அங்கே நீராக மாறிப் படியும். 20 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஒப்பு ஈரப்பதமும் (அதாவது, உச்ச அளவில் பாதி நீராவியும்) உள்ள காற்றுக்குப் பனிநிலை 9 டிகிரிக்குச் சற்று மேல். உள்ளே இருப்பவருக்கு இதமாகவும் உலர்ந்ததாகவும் தோன்றும் அதே காற்று, 8 டிகிரியில் இருக்கும் கண்ணாடிக்கு ஈரமான காற்றாகிவிடுகிறது.

இனி, அந்த நீராவி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். முதல் ஊற்று நம் மூச்சுதான். வெளிவிடும் மூச்சு ஏறத்தாழ 34 டிகிரியில், நீராவி நிறைந்ததாக வெளிவருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சின் வழியாக மணிக்கு 10 முதல் 15 கிராம் நீரையும், வியர்ப்பதாகவே உணராத நிலையில் தோலின் வழியாக ஏறக்குறைய அதே அளவையும் இழக்கிறார். இரண்டையும் சேர்த்து ஒருவருக்கு 30 கிராம் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு மணிக்கு 120 கிராம். ஒரு காரின் உள்ளிடம் சுமார் 3 கன மீட்டர். அதில் 20 டிகிரியில், பாதி ஈரப்பதத்தில் இருக்கும் காற்றில் ஏற்கெனவே 26 கிராம் நீராவி இருக்கிறது. கண்ணாடி 10 டிகிரியில் இருந்தால், ஆவி படியத் தொடங்க இன்னும் ஒன்றிரண்டு கிராம் சேர்ந்தால் போதும். நான்கு பேர் அதை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தந்துவிடுவார்கள். இருக்கைத் துணியும் உடைகளும் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதாலும், இடுக்குகளின் வழியே காற்று கசிவதாலும் நடைமுறையில் சற்றுத் தாமதமாகலாம். ஆனால் கதவை மூடிய கையோடு கண்ணாடி மங்குவதில் வியப்பு ஒன்றுமில்லை என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. நனைந்த குடையும் ஈரமான காலணியும் உடன் வந்தால் கேட்கவே வேண்டாம்.

படியும் நீரின் அளவோ மிகச் சிறியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 கிராம் நீர் சீராகப் பரவினால் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். இரண்டு தேக்கரண்டி நீர் ஒரு முன்கண்ணாடி முழுவதையும் மறைக்க முடிகிறது என்றால், நீர் இருப்பதைவிட அது எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். நீர் தன்னளவில் ஒளிபுகும் பொருள். மெல்லிய, சமமான படலமாக அது கண்ணாடியில் பரவியிருந்தால் அதன் ஊடே நன்றாகவே பார்க்கலாம். ஆனால் ஆவி பொதுவாக எண்ணற்ற நுண்துளிகளாகப் படிகிறது. ஒவ்வொரு துளியும் வளைந்த பரப்புடைய ஒரு குட்டி வில்லை. தன்மேல் விழும் ஒளியை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி விடுகிறது. எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணாடி முழுவதும் பரவிய ஒரே வெளிச்சமாகத் தெரிவதும், பகலில் வெண்மையான திரை விழுந்தாற்போல் தோன்றுவதும் இந்தச் சிதறலால்தான்.

இதை மிக எளிமையாகக் காட்டும் ஒரு சோதனையைப் பற்றி இயற்பியலாளர் ரேலே பிரபு 1911-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதினார். கண்ணாடித் தகடு ஒன்றின்மேல் ஊதுகுழல் சுடரின் நுனியைக் கோடு இழுப்பதுபோல் நகர்த்த வேண்டும். தகடு ஆறிய பிறகு அதன்மேல் மூச்சு விட வேண்டும். சுடர் படாத இடமெல்லாம் வழக்கம்போல் வெளுத்துவிடும். சுடர் சென்ற தடம் மட்டும் தெளிவாக, கறுப்புக் கோடுபோல் தெரியும். இரண்டு இடங்களிலும் நீர் படிந்துதான் இருக்கிறது. சுடர், கண்ணாடியின் மேலிருந்த கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பசையை எரித்து நீக்கிவிட்டதால், அங்கே நீர் துளித்துளியாகத் திரளாமல் படலமாகப் பரவியிருக்கிறது. முற்றிலும் தூய கண்ணாடி நீரை விரும்பி ஈர்க்கும் பரப்பு. அதன்மேல் துளியின் சேர்கோணம், அதாவது துளியின் விளிம்பு கண்ணாடியோடு சேரும் கோணம், சுழியத்தை நெருங்கும். பசை படிந்த கண்ணாடியிலோ பரப்பு இழுவிசை நீரைக் குவித்துத் துளியாக நிறுத்திவிடுகிறது.

காரின் உட்புறக் கண்ணாடியில் இந்தப் பசைக்குப் பஞ்சமே இல்லை. வெயிலில் நிற்கும் காரின் பிளாஸ்டிக் பாகங்களிலிருந்து, அவற்றை இளக்கமாக வைத்திருக்கச் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள்கள் சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியில் படிகின்றன. புதிய காரின் வாசனை என்று பலர் மகிழ்ந்து முகர்வதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. ஆகவே உட்புறக் கண்ணாடியை அவ்வப்போது நன்றாகத் துடைத்து, பஞ்சு உதிராத உலர்ந்த துணியால் முடித்து வைப்பது, தோற்றத்துக்காகச் செய்யும் வேலை மட்டுமன்று. சோப்புக் கரைசலையோ சவர நுரையையோ மிக மெல்லியதாகப் பூசித் தேய்த்துவிடும் பழைய உத்திக்கும் அறிவியல் அடிப்படை இருக்கிறது: சோப்பின் மூலக்கூறுகள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, அதைப் படலமாகப் பரவச் செய்கின்றன. கடைகளில் விற்கும் ஆவித்தடுப்புத் தெளிப்பான்கள் பெரும்பாலும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் சில முறை நீர் படிந்து வழிந்ததும் பூச்சு கரைந்துவிடும். கூடுதலாகப் பூசினால் இரவில் அதுவே எதிர் விளக்கின் ஒளியைச் சிதறடிக்கும். என் கணிப்பில் இது துணைக்கு உதவும். தீர்வு என்று சொல்ல முடியாது.

தீர்வு காற்றை உலர்த்துவதில் இருக்கிறது, அதற்கான கருவியோ ஏறத்தாழ எல்லாக் கார்களிலும் இருக்கும் ஏ.சி.தான். குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பவரிடம் ஏ.சி.யைப் போடச் சொன்னால் அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆனால் ஏ.சி. காற்றைக் குளிர்விக்கும்போது அதை உலர்த்தவும் செய்கிறது. உள்ளே செலுத்தப்படும் காற்று முதலில் ஆவியாக்கி எனப்படும், சில டிகிரி வெப்பநிலையில் இருக்கும் உலோக அடுக்கின் ஊடே போகிறது. கண்ணாடியில் படியவேண்டிய நீர் அந்த அடுக்கிலேயே படிந்து, குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டிவிடுகிறது. அதன்பின் அதே காற்று, எஞ்சினின் வெப்பத்தைக் கொண்டுவரும் சூடாக்கியின் வழியாகச் சென்று வெதுவெதுப்பாகிறது. ஆக, கண்ணாடிக்கு வந்து சேர்வது உலர்ந்த, வெப்பமான காற்று. அது படிந்த நீரை ஏந்திச் செல்வதோடு, கண்ணாடியின் வெப்பநிலையைப் பனிநிலைக்கு மேலே உயர்த்தியும் விடுகிறது. முன்கண்ணாடியைத் தெளிவாக்கும் பொத்தானை அழுத்தியதும் பல கார்களில் ஏ.சி. தானாகவே இயங்கத் தொடங்குவது இதனால்தான்.

காற்று எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதும் இதற்குச் சமமான அளவில் முக்கியம். காருக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும் பொத்தான் இயக்கத்தில் இருந்தால், எல்லோருடைய மூச்சும் உள்ளேயே தங்கி ஈரப்பதம் ஏறிக்கொண்டே போகும். வெளியே மழை பெய்யும்போது வெளிக்காற்றை உள்ளே விடுவது ஈரத்தை வரவழைப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். குளிர்ந்த நாளில் அது தவறு. 5 டிகிரி குளிரில் மழையில் நனைந்த காற்றில்கூட ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 6.8 கிராம் நீராவிதான் இருக்க முடியும். அதே காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். சூடாக்கி வேலை செய்யாத பழைய காரில்கூட எதிரெதிர்ப் பக்கச் சன்னல்கள் இரண்டை விரற்கடை அளவு இறக்கிவிட்டால் கண்ணாடி தெளிவதற்கு இதுவே காரணம்.

இங்கே பலரும் விழும் ஒரு குழி இருக்கிறது. கண்ணாடி தெளிந்ததும் ஏ.சி.யை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டால், சற்று நேரத்தில் திடீரென்று முழுக் கண்ணாடியும் வெளுத்துவிடும். ஆவியாக்கியின் அடுக்குகளில் வடியாமல் தங்கிய நீர், அடுக்கு வெப்பமடைந்ததும் ஆவியாகி, விசிறிக் காற்றோடு நேராகக் கண்ணாடிக்கு வந்துவிடுவதால் இது நேர்கிறது. ஓட்டத்தின் நடுவே சில நொடிகளில் பாதை மறைந்துபோகும் இந்த நிலை ஆபத்தானது. ஆகவே ஈரமான நாளில் ஏ.சி.யைப் பயணம் முழுவதும் இயங்க விடுவதே நல்லது. வெளிவெப்பம் சுழியத்தை நெருங்கும்போது மட்டும் இந்த வழி கைகொடுக்காது. ஆவியாக்கியில் பனிக்கட்டி உறையாமலிருக்க, அமைப்பே ஏ.சி.யின் அமுக்கியை (கம்ப்ரசரை) நிறுத்திவிடும். அந்தக் குளிரில் வெளிக்காற்றே போதிய அளவு வறண்டிருப்பதால், அதைச் சூடாக்கினாலே வேலை முடிந்துவிடும்.

பின்கண்ணாடியில் காற்று அவ்வளவாக எட்டாது என்பதால் அங்கே வேறு உத்தி. அதில் தெரியும் மெல்லிய கிடைக்கோடுகள் வெள்ளி கலந்த பசையால் அச்சிடப்பட்ட மின்கடத்திகள். அவற்றில் மின்சாரம் பாய்ந்து கண்ணாடி சூடேறுகிறது. உட்புறத்தைச் சுரண்டித் துடைத்தால் கோடு அறுந்து, அந்த வரி மட்டும் மங்கியே நிற்கும்.

இரவு முழுவதும் திறந்த வெளியில் நின்ற காரில் முன்கண்ணாடி முந்திக்கொண்டு மங்குவதற்கு விளக்கம் 1814-இல் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் பனித்துளியைப் பற்றி வெளியிட்ட ஆய்விலேயே இருக்கிறது. மேகமற்ற இரவில் வானத்தை நோக்கிய பொருள்கள் தங்கள் வெப்பத்தைக் கதிர்வீசி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகின்றன. சாய்ந்த முன்கண்ணாடி வானத்தை அண்ணாந்து பார்க்கிறது. செங்குத்தான பக்கக் கண்ணாடி பெரும்பாலும் எதிரே உள்ள சுவரையோ மரத்தையோ பார்க்கிறது. கண்ணாடிமேல் ஒரு விரிப்பைப் போட்டு வைத்தால் இந்த இழப்பு குறையும்.

வெப்பமும் புழுக்கமும் மிகுந்த நாளில் கதை தலைகீழ். ஏ.சி.யின் குளிர்ந்த காற்று கண்ணாடியைக் குளிர்விக்க, வெளிக்காற்றின் ஈரம் அதன் வெளிப்புறத்தில் படியும். எந்தப் பக்கம் என்பதை விரலால் ஒரு கோடு இழுத்தே அறியலாம். வெளிப்புறம் என்றால் வைப்பரை இயக்கி, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கி, வெப்பநிலையைச் சற்றே கூட்டிவைக்க வேண்டும். உட்புற மங்கலுக்குச் செய்வதுபோல் ஏ.சி.யைக் கூட்டினால் படலம் தடித்துக்கொண்டேதான் போகும்.

இவை எல்லாம் செய்தும், யாரும் ஏறாத காரிலேயே காலையில் உட்புறம் மங்கியிருந்தால், உள்ளே எங்கோ நீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல் பை வைப்பவர்கள் உண்டு. அது உச்ச ஈரப்பதத்தில் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரை ஏற்கும். அரைக் கிலோ பை, நான்கு பேர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வெளியிடும் ஈரத்தோடு நிறைந்துவிடும். நிறுத்திவைத்த காருக்கு அது பயன்படும், ஆனால் கசிவு ஒன்று இருந்தால் அதற்கு ஈடுகொடுக்காது. தரைவிரிப்பைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்திப் பார்க்க வேண்டும். கதவின் ரப்பர் விளிம்பையும், முன்கண்ணாடியின் அடியில் இலை அடைத்துக்கொள்ளும் வடிகாலையும், மேற்கூரைச் சன்னல் இருந்தால் அதன் வடிகுழாய்களையும் பார்க்க வேண்டும். கண்ணாடியில் படிவது துடைத்தாலும் வழுவழுப்பாகவே நின்று, காருக்குள் இனிப்பான வாசனையும் அடித்தால், அது வெறும் நீராக இருக்காது; சூடாக்கியின் உள்ளே ஓடும் குளிர்விப்பு நீர்மம் கசிகிறது. அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நச்சுத்தன்மை உடையது, நீர்மம் குறையக் குறைய எஞ்சினும் அளவுக்கு மீறிச் சூடேறும். அப்போது துணியையும் தெளிப்பானையும் விட்டுவிட்டு, காரை நேராக மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.