முன்மிதி: ‘ஃபோர்வேர்ட் கொன்ட்ரோல்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

நீண்ட வீதியில் சாய்ந்திருந்து ஆறுதலாக ஓடுவதற்கான குரூஸர் வகை மோட்டார் சைக்கிளில் பின் பிரேக்கை வலக்கால் மிதிக்கிறது, கியரை இடக்கால் மாற்றுகிறது. இந்த இரண்டு மிதிகளும் கால் வைக்கும் கட்டைகளும் ஓட்டுபவரின் இடுப்புக்கு நன்றாக முன்னால், இயந்திரத்தின் முன்பக்கத்தை ஒட்டி இருந்தால் அதை ‘ஃபோர்வேர்ட் கொன்ட்ரோல்’ என்கிறார்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு கராஜில் போய்க் கேட்டால், “காலை முன்னுக்கு நீட்டி ஓடுறதோ தம்பி?” என்று விளங்கிக்கொள்வார்கள். விளக்கமாக அது போதும். பெயராக வைக்க ஒரு சொல் வேண்டும்.

கட்டைகள் ஏறத்தாழ முழங்காலுக்கு நேர்கீழே இருந்தால் அது ‘மிட் கொன்ட்ரோல்’. நம் வீதிகளில் ஓடும் சாதாரண பைக்குகளில் அநேகமானவை இந்த அமைப்புக்குக் கிட்டவே வரும். இடுப்புக்குப் பின்னே தள்ளி, உடலை முன்னோக்கிக் குனியவைப்பது ‘ரியர் செற்’. அது பந்தய வண்டிகளின் வழக்கம். ஒரே குடும்பத்து வண்டிகளிலும் வேறுபாடு உண்டு. ஹார்லி டேவிட்சனின் ஸ்போர்ட்ஸ்டர் வரிசையில் அயர்ன் 883 நடுவில் கால் வைக்கிற வண்டி. 2010இல் வந்த ஃபோர்ட்டி எய்ட் முன்னுக்கு நீட்டுகிற வண்டி. அமெரிக்காவில் இளைஞர்கள் பழைய வண்டிகளை வெட்டி, முன் ஃபோர்க்கை நீட்டி, ‘சொப்பர்’ ஆக்கிய காலத்தில் முன்னே கால் நீட்டும் பாணியும் பரவியது. 1980இல் ஹார்லி தன் வைட் கிளைட் வண்டியை அந்தத் தோற்றத்துடனேயே தொழிற்சாலையிலிருந்து இறக்கியது. நம் பக்கத்தில் இந்த இருக்கை முறையைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது 2005இல் பஜாஜ் வெளியிட்ட அவெஞ்சர். ஹார்லி அளவுக்கு இல்லாவிட்டாலும் அதிலும் கால் முன்னுக்குத்தான் போகிறது.

இனி ஆங்கிலப் பெயர்களைப் பார்ப்போம். ‘குரூஸர்’ என்பதில் உள்ள ‘குரூஸ்’ ஒரு கடற்சொல். கடலில் குறுக்கும் நெடுக்கும் ரோந்து போவதைக் குறித்த டச்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது; அதன் அடியில் இலத்தீனின் ‘குருக்ஸ்’, அதாவது சிலுவை, இருக்கிறது. ‘கொன்ட்ரோல்’ கணக்கர் மேசையிலிருந்து வந்தது: மூலக் கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த எதிர்ப்பதிவுச் சுருளுக்கு ஃபிரெஞ்சில் இருந்த பெயர் அது. சரிபார்த்தல், அடக்கியாளல், இயக்கும் கருவி என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. வண்டியில் நிற்பது அந்தக் கடைசிப் பொருள் மட்டும்.

அதனால்தான் ‘முன்னோக்கிய கட்டுப்பாடு’ என்று மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். தமிழில் கட்டுப்பாடு என்றால் தடை, ஒழுங்கு, ஆளுகை. ‘கட்டுப்பாட்டுப் பகுதி’ என்ற தொடரைக் கேட்டே வளர்ந்த வன்னிக் காதில் அது இன்னும் பாரமாக விழும். வண்டியின் காலடியில் இருக்கும் ஓர் இரும்புத் துண்டுக்கு அந்தச் சுமை எதற்கு?

நம்மிடம் ‘மிதி’ இருக்கிறது. அது வினையாகவும் நிற்கும், பெயராகவும் நிற்கும். வயல் வெட்டி முடிந்ததும் களத்தில் சூடு மிதித்தோம்; மாடுகள் போய் உழவு இயந்திரம் வந்த பிறகும் வினை மாறவில்லை. கிணற்றுத் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்ததும் மிதிப்புத்தான். இன்னும் பழைய சான்றும் உண்டு: பெரும்பாணாற்றுப்படையில் ‘மிதியுலைக் கொல்லன்’ வருகிறான். துருத்தியைக் காலால் மிதித்து உலையை ஊதுகிறவன். காலின் அழுத்தத்தால் ஒரு கருவியை இயக்குவதற்கு இந்தச் சொல் அப்போதே பொருந்தியிருக்கிறது. ஆங்கிலத்தின் ‘பெடல்’ கூட இலத்தீனில் பாதத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே.

ஆகவே முன்மிதி, நடுமிதி, பின்மிதி. மூன்றுக்கும் பொதுவாக மிதியமைவு. பாதம் முழுவதையும் வைக்கும் தட்டையான பலகைக்கு மிதிபலகை.

இந்தப் பெயரை நான் வலியுறுத்த இன்னொரு காரணம் இருக்கிறது. முன்னால் உள்ள பாதுகாப்புக் கம்பியில் இரண்டு கட்டைகளைப் பூட்டிவிட்டு, அதையும் ‘ஃபோர்வேர்ட் கொன்ட்ரோல்’ என்று சொல்கிறார்கள். அது தவறு. அந்தக் கட்டையில் பிரேக்கும் இல்லை, கியரும் இல்லை; நீண்ட ஓட்டத்தில் காலை ஆற்றிக்கொள்ள மட்டும் உதவும். அதைக் கால்தாங்கி என்று சொல்வோம். மிதிக்க ஒன்றும் இல்லாததை மிதி என்று சொல்ல வாய் வராது. மணிக்கு 60 கிலோமீற்றரில் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 17 மீற்றர் போகிறோம். கால்தாங்கியிலிருந்து வலக்காலை இழுத்துப் பிரேக்கில் வைக்க அரைச் செக்கன் எடுத்தாலே எட்டு மீற்றர் போய்விடும். இரவில் ஏ9 வீதியில், மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் தாரின் சூட்டுக்கு மாடுகள் படுத்திருக்கும்போது அந்த எட்டு மீற்றர் பெரிய தூரம்.

சரியான முன்மிதியில் பிரேக் பாதத்துக்குக் கீழேயே இருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. கால் முன்னே போனால் உடலின் பாரம் முதுகெலும்பின் அடியில் இறங்குகிறது. நடுமிதியில் குழி வரும்போது கட்டையில் ஊன்றி இருக்கையிலிருந்து சற்று எழும்பலாம். முன்மிதியில் அது முடியாது, குழி நேரே இடுப்பில் இடிக்கும். மாங்குளத்திலிருந்து வவுனியா வரை ஓடுகிறவருக்கு முன்மிதி சுகம். துணுக்காய்ப் பக்கத்துக் கிறவல் வீதியிலும் குளக்கட்டிலும் நாள்தோறும் ஓடுகிறவருக்கு நடுமிதியே நல்லது என்பேன். உயரமும் கணக்கில் வரும்: கட்டையான ஒருவர் முன்மிதியை எட்ட இருக்கையில் சறுக்கி முன்னே வரவேண்டியிருந்தால் வண்டி அவருக்குப் பொருந்தவில்லை.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர் குந்தியிருந்து ஒன்றைக் கவனிக்கவேண்டும். முன்மிதி வண்டியில் கியர் மிதி, இயந்திரத்திலிருந்து வெளிவரும் கியர்த்தண்டிலிருந்து தள்ளி இருக்கும். இரண்டையும் ஒரு நீண்ட இணைப்புக்கம்பி சேர்க்கிறது. அதன் இரு முனைகளிலும் உருண்டை மூட்டுகள். செம்மண் தூசி அதற்குள் புகுந்து அரைத்தால் மூட்டு தேயும், மிதி ஆடும், நியூற்றல் விழாது. மிதியைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தண்டு அசைவதற்கு முன் மிதி வெறுமனே ஆடினால் மூட்டு போய்விட்டது. விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைக்கலாம்.