ஹார்ட் டிஸ்க்கில் பிழை: கோளாறு தட்டிலா, கேபிளிலா?

போட்டோ ஃபோல்டரைத் திறக்கிறீர்கள். பாதிப் படங்கள் சட்டென்று வந்துவிடுகின்றன. ஒன்றில் வந்ததும் எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் அசைகிறது, வேறெதுவும் அசையவில்லை. கேபினட்டில் இருக்கும் சின்ன விளக்கு மினுக்காமல் ஒரேயடியாக எரிகிறது. அரை நிமிடம் போனதும் 'படிக்க முடியவில்லை' என்று ஓர் அறிவிப்பு. ரீஸ்டார்ட் செய்தால் சரியானது போலத் தெரிகிறது. இரண்டு நாளில் திரும்பவும் அதே கதை.

அந்த அரை நிமிடத்தில் டிஸ்க்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்து எதைச் செய்வது, அதைவிட முக்கியமாக எதைச் செய்யவே கூடாது என்பது புரிந்துவிடும். நான் இங்கே பேசுவது சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி மட்டும். எஸ்எஸ்டி வேறு ரகம், அதன் நோய்களும் வேறு.

டிஸ்க்கின் உள்ளே அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன தட்டுகள், மேலே மிக மெல்லிய காந்தப் பூச்சுடன், நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகின்றன. 7200 என்றால் நொடிக்கு 120 சுற்று. மேசைக் கணினியின் டிஸ்க்கில் தட்டின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் எழும் காற்றின் மேல் மிதந்தபடி, சில நானோமீட்டர் உயரத்தில், படிக்கும் தலை நிற்கிறது. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் அந்த இடைவெளியைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். இது நாள் முழுக்க உரசாமல் ஓடுகிறது என்பதே எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இவ்வளவு நெருக்கத்தில் இருந்தும் தலைக்குக் கிடைக்கும் சிக்னல் மிகவும் பலவீனமானது. மிகச் சிறிய காந்த மாற்றத்தையும் பெரிய மின்தடை மாற்றமாகக் காட்டும் விளைவை ஆல்பெர் ஃபேரும் பீட்டர் க்ரூன்பெர்க்கும் 1988-ல் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 2007-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டிஸ்க்குகளின் கொள்ளளவு மளமளவென்று ஏறியதற்கு அந்தக் கண்டுபிடிப்பு ஒரு முக்கியமான காரணம். அப்படியும் தலை படிப்பது தெளிவான பூஜ்யமோ ஒன்றோ அல்ல, ஓர் ஊகம். தட்டில் தகவல் எழுதப்படும் சின்னச் சின்னத் துண்டுகளுக்கு செக்டர் என்று பெயர். அந்த ஊகத்தைச் சரிபார்க்க ஒவ்வொரு செக்டரின் கடைசியிலும் பிழைதிருத்தும் குறியீடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள டிஸ்க்கும் ஓயாமல் தப்பாகப் படித்து, இந்தக் குறியீட்டை வைத்துத் தானே திருத்திக்கொண்டுதான் இருக்கிறது. அந்தத் திருத்தம் நமக்குத் தெரிவதே இல்லை.

திருத்த முடியாத அளவுக்குப் பிழை வரும்போதுதான் அந்த அரை நிமிடம் தொடங்குகிறது. செக்டர் ஒழுங்காகப் படிக்க வரவில்லை. சரி, அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்று டிஸ்க் காத்திருக்கிறது; 8.3 மில்லிநொடியில் அதே இடம் தலைக்கு அடியில் மறுபடி வருகிறது. இப்போதும் வரவில்லை. தலையை நூலிழை இடப்பக்கம் தள்ளிப் படிக்கிறது, பிறகு வலப்பக்கம். சிக்னலைப் பெருக்கும் அளவை மாற்றிப் பார்க்கிறது. அரை நிமிடத்தில் தட்டு 3600 முறை சுற்றிவிடுகிறது. உங்கள் ஒரு படத்தை மீட்க அத்தனை வாய்ப்புகள்! வீட்டுக் கணினிக்கான டிஸ்க்கை இப்படி விடாப்பிடியாக முயலும்படி செய்ததற்குக் காரணம், அந்தத் தகவலுக்கு வேறு பிரதி இருக்காது என்ற எண்ணம். பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் சேமிப்பகங்களுக்கென்று வருபவை 7 நொடி அளவிலேயே கைவிட்டுவிடும், ஏனென்றால் அங்கே பக்கத்து டிஸ்க்கில் இருந்து தகவலை எடுத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகும் படிக்க முடியாவிட்டால் டிஸ்க்குக்கு ஒரு தர்மசங்கடம். கெட்டுப்போன செக்டருக்கு மாற்றாகப் பயன்படுத்த உதிரி செக்டர்கள் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றை மாற்றிவிடலாம்தான். ஆனால் மாற்றிய புதிய செக்டரில் எதை எழுதுவது? பழையதில் என்ன இருந்தது என்று அதற்கே தெரியாதே. வெறும் பூஜ்யங்களை எழுதிவைத்து 'இதுதான் உங்கள் தகவல்' என்று நீட்டினால் அது பொய். அதனால் மாற்றாமல், மறக்காமல், அந்த செக்டரை 'நிலுவை'யில் குறித்து வைக்கிறது. பின்னொரு நாள் ஒருவேளை சரியாகப் படிக்க வரலாம். அல்லது நீங்களே அந்த இடத்தில் வேறெதையாவது எழுதலாம். எழுதினால் சிக்கல் தீர்ந்தது, பழைய தகவல் இனித் தேவையில்லை. எழுதிய இடம் தாங்குகிறதா என்று டிஸ்க் சோதித்துப் பார்க்கும். தாங்கினால் குறியை அழித்துவிட்டு அந்த செக்டரையே தொடர்ந்து பயன்படுத்தும். தாங்காவிட்டால் முகவரியை உதிரிக்கு மாற்றிவிடும்.

வீட்டில் வரும் 'தீராத' பிழைகளில் பலவற்றுக்கு விளக்கம் இந்த நிலுவைக்குள் இருக்கிறது. ரீஸ்டார்ட் எதையும் சரிசெய்யவில்லை; அந்த செக்டரை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். வைரஸ் ஸ்கேனோ பேக்கப்போ அந்த ஃபைலைத் தொட்டதும் திரும்ப வருகிறது.

இதையெல்லாம் டிஸ்க் தன் கணக்கில் எழுதிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்குக்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் அதைத் திறந்து காட்டும். ஏராளமான வரிகள் இருக்கும், பயப்பட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியவை நான்குதான். 5 என்ற எண்ணுள்ள வரி இதுவரை உதிரிக்கு மாற்றிய செக்டர்களைச் சொல்கிறது; 197 நிலுவையில் உள்ளவற்றை; 198 டிஸ்க் தானே நடத்திய சோதனையிலும் தேறாதவற்றை. 199 மட்டும் தட்டைப் பற்றியதே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். இந்த வரிகளில் 'மூல மதிப்பு' என்ற பத்தியைத்தான் பார்க்க வேண்டும். அது பதினாறின் அடிமான எண்ணாகத் தெரிந்தால் சாதாரண எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சில டிஸ்க்குகளில் 197 எப்போதும் 8, 16, 24 என்றே ஏறும். தட்டில் உள்ள உண்மையான செக்டர் 4096 பைட், கணினியிடம் காட்டுவது 512 பைட் கொண்ட எட்டுத் துண்டுகள் என்பதால் ஒன்று கெட்டால் எட்டாக எண்ணுகிறது. எட்டு என்று பார்த்துப் பதறியவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

மேலே பச்சையில் 'நலம்' என்று போட்டிருப்பதை நம்பி உட்காராதீர்கள். கூகுள் 2007-ல் தன்னிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேல், முக்கியமான ஸ்மார்ட் அளவீடுகள் எதிலும் ஓர் எச்சரிக்கையும் தராமலே போயிருந்தன. அதே ஆய்வில் இன்னொன்று: மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு பிழையே இல்லாததைவிட 39 மடங்கு அதிகம். ஆக, கணக்கு சுத்தமாக இருந்தால் நிம்மதி அடைய முடியாது. கணக்கில் கறை தெரிந்தால் அலட்சியமாக இருக்கவும் முடியாது.

இப்போது 199. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே சாட்டா கேபிளில் தகவல் போகும்போது ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கூடவே போகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த எண் ஒத்துவராவிட்டால் 199 ஒன்று கூடும், தகவல் திரும்ப அனுப்பப்படும். எனக்கே ஒருமுறை இது நடந்தது. பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது மட்டும் கணினி தொங்கிப்போகும். டிஸ்க் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பார்த்தால் 5-ம் 197-ம் பூஜ்யம். 199 மட்டும் 412. கேபினட்டைத் திறந்தேன். பக்கவாட்டு மூடி அழுத்தியதில் கேபிள், டிஸ்க்கில் செருகும் இடத்துக்குச் சற்று முன்னால், கூர்மையாக மடிந்திருந்தது. வேறு கேபிள் போட்டு, வளைவாக ஓடவிட்டு மூடினேன். அந்த எண் அதன்பின் 412-ஐத் தாண்டவே இல்லை. இது ஒருபோதும் இறங்காத எண், அதனால் எவ்வளவு என்பதைவிட இன்னும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. கேபிள் மாற்றியும் ஏறினால் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

விண்டோஸ் குறித்து வைக்கும் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரிலும் தடயம் கிடைக்கும். 7 என்ற எண்ணில் வருவது கெட்ட செக்டர் பற்றிய புகார். 129, பதில் வராமல் சாதனத்தை ரீசெட் செய்தது. 153, ஒரு வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவந்தது. 7 என்றால் சந்தேகம் தட்டின் மேல். 129-ம் 153-ம் மட்டும் என்றால் கேபிளையும் பவர் சப்ளையையும் முதலில் பாருங்கள். பெரிய டிஸ்க்கின் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுகிறது. அது தளர்ந்தால் மோட்டார் நின்று மறுபடி சுழலத் தொடங்கும் ஓசையைக் காதாலேயே கேட்கலாம். தட்டு, கேபிள், மின்சாரம் மூன்றும் சரியாக இருந்தும் ஃபைல்கள் மட்டும் சிதைகின்றன என்றால் ராமைச் சோதியுங்கள். கெட்ட ராம் டிஸ்க்கின் மேல் பழி போடுவது அடிக்கடி நடப்பதுதான்.

தட்டில்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் உடனே செய்வது விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் என்ற சோதனைக் கருவியை /ஆர் போட்டு ஓடவிடுவது. தயவுசெய்து முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள். செக்டிஸ்க் சரிசெய்வது ஃபைல் சிஸ்டத்தை, அதாவது நூலகத்தின் அட்டவணையை. அட்டவணையைத் திருத்தினால் கரையான் அரித்த பக்கம் திரும்பி வராது. மாறாக, படிக்க முடியாத குறிப்புகளைக் கண்டு அது சில ஃபைல்களைப் பட்டியலில் இருந்தே கழற்றி, துண்டு துண்டாக வேறு ஃபோல்டரில் போட்டுவிடக்கூடும். அதோடு ஒவ்வொரு செக்டராகப் படிக்கவைத்து, களைத்துப்போன தலையைப் பல மணி நேரம் ஓட்டுகிறது. தட்டில் எங்காவது கீறல் இருந்தால் அங்கிருந்து பெயர்ந்த துகள் ஒவ்வொரு சுற்றிலும் கீறலைப் பெரிதாக்கும். டீஃப்ராக், ஃபார்மட் எல்லாமே இதே காரணத்தால் இப்போது வேண்டாம்.

முதலில் காப்பி, அப்புறம்தான் ரிப்பேர். மிகத் தேவையான ஃபோல்டர்களை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். காப்பி நடுவில் தொங்கினால் லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவி கைகொடுக்கும். அது வேலைசெய்யும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். சாதாரண காப்பி கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இது அதைத் தாண்டிப் போய், எளிதாக வரும் பகுதிகளை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். விட்டுவந்த இடங்களை ஒரு குறிப்பு ஃபைலில் எழுதிவைத்து, கடைசியில் திரும்ப வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். எந்த டிஸ்க்கில் இருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை மட்டும் இருமுறை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் மீட்க வேண்டியது அழிந்துவிடும்.

'டக்... டக்... டக்' என்று ஒரே சீரான சத்தம் வந்தால் இதையும் செய்யக் கூடாது. தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்ப் போய்த் திரும்புகிறது என்று அதற்குப் பொருள். உடனே அணைத்துவிட்டு, தகவல் முக்கியமென்றால் மீட்பு வேலை தெரிந்தவர்களிடம் கொடுங்கள். டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்கும் பழைய யோசனை வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும்.

எல்லாம் பத்திரமாக வெளியே வந்த பிறகு, அந்தப் பழைய டிஸ்க் முழுவதிலும் பூஜ்யத்தை எழுதிப் பாருங்கள். விண்டோஸில் விரைவு ஃபார்மட் இல்லாமல் முழு ஃபார்மட் போட்டால் போதும், பார்ட்டிஷன் முழுவதும் எழுதப்பட்டுவிடும். பிறகு மறுபடி 5-ஐயும் 197-ஐயும் திறந்து பாருங்கள். 197 பூஜ்யமாகி, 5 ஏறாமல் இருந்தால் தட்டில் காயமில்லை. எழுதும் நேரத்தில் மின்சாரம் போனதோ, யாரோ கேபினட்டை இடித்ததோ விட்டுச்சென்ற தடம் அது. ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையையும் ஒருமுறை ஓட்டிவிட்டு, இன்னொரு பிரதி இருக்கும் சினிமா, பாட்டு மாதிரி விஷயங்களுக்கு அந்த டிஸ்க்கைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 5 ஏறியிருந்து, ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது இன்னும் ஏறியிருந்தால், கேபினட்டில் இருந்து கழற்றிவிடுங்கள்.