பேட்டிக்கு நடுவே ஜன்னல் ஏன் வருகிறது?

ஆவணப்படத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். பாதி வாக்கியத்தில் அவர் முகம் மறைந்து ஒரு ஜன்னல் வருகிறது, இல்லையென்றால் மேசைமேல் கோத்திருக்கும் அவருடைய விரல்கள் வருகின்றன. குரல் மட்டும் தடங்கலில்லாமல் ஓடுகிறது. சில நொடிகளில் முகம் திரும்பிவிடுகிறது. பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் இதைக் கவனிப்பதில்லை. கவனிக்கக் கூடாது என்றுதான் என்னைப் போன்ற படத்தொகுப்பாளர்கள் அதை வைக்கிறோம். அந்த ஜன்னலுக்குப் பின்னால் பேச்சு வெட்டப்பட்டிருக்கிறது.

வெட்டியது ஒரு இருமலாக இருக்கலாம். "அது வந்து... என்னன்னா..." என்ற இழுவையாக இருக்கலாம். முன்பகுதி காலையில் சொன்னது, பின்பகுதி மாலையில் வேறொரு கேள்விக்குச் சொன்னது என்றும் இருக்கலாம். திரையில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். ரியாலிட்டி நிகழ்ச்சித் தொகுப்பு அறைகளில் இந்த மூன்றாவது வகைக்கு 'ஃபிராங்கன்பைட்' என்று பட்டப்பெயரே உண்டு. ஒட்டுப்போட்டு உருவாக்கிய பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுயாதீனப் படங்களையும் ஆவணப்படங்களையும் விரும்பிப் பார்க்கும் நண்பர்கள், "பெரிய படங்கள்தான் ஜோடனை, இதெல்லாம் நிஜம்" என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அந்தப் படங்கள் மீது எனக்கும் பிரியம் அதிகம்தான். ஆனால் சிறிய பட்ஜெட்டும் ஆடும் கேமராவும் நேர்மைக்குச் சான்று ஆகாது. 1960 வாக்கில், தோளில் சுமந்தபடியே, தனி ஒலிப்பதிவுக் கருவியோடு ஒத்திசைத்துப் படமெடுக்கக்கூடிய 16 மி.மீ. கேமராக்கள் புழக்கத்துக்கு வந்தபோது, ஆட்டம் தவிர்க்க முடியாததாக இருந்தது. இன்று அது ஒரு பாணி. விளம்பரப் படங்களிலேயே வேண்டுமென்று ஆட்டுகிறார்கள்.

ஜோடனை ஒன்றும் புதிதல்ல. ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் 'நானூக் ஆஃப் தி நார்த்' (1922) படத்தில் ஆர்க்டிக் பகுதிப் பழங்குடியினரான இனூயிட் குடும்பம் ஒன்று பனிக்குடிலுக்குள் உறங்கி எழும். உண்மையான பனிக்குடிலில் கேமராவுக்கு இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஆகவே ஒரு பக்கம் திறந்த குடில் ஒன்றைக் கட்டிப் படமெடுத்தார்கள். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானூக்காக வரும் நாயகனின் உண்மையான பெயர் அல்லகரியல்லக், படத்தில் அவர் மனைவியாக வருபவர் அவருடைய மனைவியல்ல என்பவைதான் உறுத்துகின்றன. அதைவிட அதிகமாக உறுத்துவது வேட்டைக் காட்சி. துப்பாக்கி ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த காலத்தில், ஈட்டியால் வேட்டையாடச் சொல்லிப் படமெடுத்தார்கள். வெளியுலகம் எந்த மனிதனைப் பார்க்க ஆசைப்பட்டதோ அந்த மனிதனை உருவாக்கிக் கொடுத்தார்கள்.

பிரிட்டனின் 'நைட் மெயில்' (1936) படத்தில், ஓடும் ரயிலில் ஊழியர்கள் கடிதங்களைப் பிரிக்கும் காட்சி ஸ்டுடியோவில் எடுத்தது. பெட்டி ஓடுவது போலத் தோன்ற அவர்களை லேசாக ஆடச் சொன்னார்கள். அந்த ஊழியர்கள் நிஜமானவர்கள், செய்ததும் அவர்கள் அன்றாடம் செய்யும் வேலை. எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை. டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னெஸ்' (1958) கதை வேறு. லெம்மிங் என்ற சிறு எலியினம் கூட்டமாகக் கடலில் விழுந்து சாவதாக அதில் காட்டினார்கள். எலிகளை வெளியிலிருந்து வாங்கி வந்து, அவை இயல்பாக வாழாத பகுதியில் வைத்துப் படம்பிடித்து, ஆற்றங்கரை விளிம்பிலிருந்து தள்ளியும் விட்டிருந்தார்கள். அந்தப் படத்துக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. லெம்மிங்குகள் தற்கொலை செய்துகொள்ளும் என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, 'நடித்துக் காட்டினார்களா?' என்று கேட்பதால் மட்டும் பயனில்லை. எரால் மாரிஸின் 'தி தின் ப்ளூ லைன்' (1988) நிறைய நடிப்புக் காட்சிகள் உள்ள படம். சாட்சிகள் ஒவ்வொருவரும் சொல்வதற்கேற்ப ஒரு போலீஸ்காரரின் கொலை திரும்பத் திரும்ப மாறி மாறி நிகழும். சாட்சியங்களில் உள்ள முரண் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தக் கொலைக்காக முதலில் மரண தண்டனையும் பிறகு ஆயுள் தண்டனையும் பெற்றுச் சிறையில் இருந்த ராண்டல் டேல் ஆடம்ஸ் 1989இல் விடுதலையானார். பார்வையாளருக்கு அது நடிப்பு என்று தெரிந்தே இருந்தது. ஏமாற்று அங்கே இல்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது முக பாவனைதான். கேள்வி கேட்கப்படுகிறது, எதிரில் இருப்பவர் பதில் சொல்லாமல் கீழே பார்க்கிறார். 'மாட்டிக்கொண்டார்' என்று நினைக்கிறோம். அவர் கீழே பார்த்தது மைக் சரிசெய்யப்படும் நேரத்தில் எடுத்த துண்டாக இருக்கலாம். உணர்ச்சியே இல்லாத ஒரே முகத்தைச் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பசியும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் துக்கமும் தெரியும் என்று சோவியத் இயக்குநர் குலெஷோவ் சொல்லி ஒரு நூற்றாண்டு ஆகிறது. திரைப்படக் கல்லூரிகளில் இதை ஒரு சுவாரசியமான பாடமாக நடத்துகிறார்கள். உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் முகத்தை வைத்து அதைச் செய்யும்போது அது ஒருவருடைய மானம் சம்பந்தப்பட்ட விஷயம். பதிலுக்கு முன் இரண்டு நொடி மௌனத்தைக் கூட்டினாலே போதும், ஆள் பொய்யராகத் தெரிவார்.

ஒலியும் அப்படித்தான். வெகு தொலைவிலிருந்து டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்த காட்டு விலங்கு புல்லைக் கடிக்கும் சத்தம் அந்த மைக்கில் விழ வாய்ப்பில்லை. ஃபோலி கலைஞர் ஒருவர் ஸ்டுடியோவில் அதை உருவாக்கியிருப்பார். அதனால் பெரிதாகக் கெடுதல் இல்லை. பேட்டிக்கு அடியில் ஓடும் இசை விஷயத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும். ஒருவர்மீது சந்தேகம் வருகிறதென்றால், அந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள், பிறகு அவர் சொன்ன சொற்களை மட்டும் எழுதிப் படித்துப் பாருங்கள். சில சமயம் சந்தேகத்துக்குக் காரணம் பின்னணியில் ஒலிக்கும் செல்லோ வாத்தியம் மட்டும்தான்.

இப்போது குரலையே உருவாக்க முடிகிறது. சமையல் கலைஞரும் தொலைக்காட்சியில் பயண நிகழ்ச்சிகள் நடத்தியவருமான அந்தோனி போர்டேன் இறந்த பிறகு, அவரைப் பற்றிய 'ரோட்ரன்னர்' (2021) படத்தில் அவர் எழுதிய சில வரிகளைச் செயற்கை நுண்ணறிவு அவருடைய குரலில் பேசியது. சொற்கள் அவருடையவைதான். ஆனால் படத்தில் அதைச் சொல்லவில்லை. இயக்குநர் பேட்டியில் சொன்ன பிறகுதான் தெரியவந்தது, பெரிய சர்ச்சையும் ஆனது. என்னைக் கேட்டால், திரையில் ஒரு வரி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எதையும் நம்பாமல் உட்கார வேண்டாம். நானே முதல் முறை ரசிகனாகத்தான் பார்ப்பேன். வெட்டுகளைத் தேடுவது பிடித்துப்போன படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான். அப்புறம், இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலைத் தள்ளிவிடாதீர்கள். பணம் எங்கிருந்து வந்தது, பழைய காட்சிகள் யாருடையவை என்பது பெரும்பாலும் அங்கே இருக்கும்.

திரையிடலுக்குப் பிறகு இயக்குநரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். அந்தப் பேட்டியின் முழு நீளம் எவ்வளவு? படத்தில் இருப்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டார்களா? பிரான்ஸின் ஜான் ரூஷும் எட்கர் மோரனும் 1961இலேயே 'கிரானிக்கிள் ஆஃப் எ சம்மர்' படத்தில் இதைச் செய்தார்கள். பங்கேற்றவர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டி, அவர்கள் அதைப் பற்றி வாதிட்டதையும் படமெடுத்து அதே படத்தில் சேர்த்தார்கள். 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று ஒருவர் சொல்வதற்கு இடம் வைப்பதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை.