ஒன்லைன்ல வாங்கின அலுமாரி, கட்டில், சோபா சரியில்லையெண்டா: திருப்பிக் குடுக்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கு

எங்கட அக்கா வெள்ளவத்தையில மூண்டாம் மாடியில இருக்கிறா. அவ ஒன்லைன்ல ஒரு மூண்டு கதவு அலுமாரி ஓடர் பண்ணினா, பேஜ்ல தெளிவா 'தேக்கு' எண்டு போட்டிருந்தது, 145,000 ரூபா முழுக்காசையும் முதலே கட்டியாச்சு. லொறியில வந்த பெடியள் மூச்சு வாங்க வாங்க படியில தூக்கிக் கொண்டு வந்து வச்சுட்டு ஒரு தாள நீட்டி இதில ஒரு சைன் போடுங்கோ அக்கா எண்டாங்கள், அவவும் போட்டுட்டா. ரெண்டு கிழமையில நடுக்கதவு தொங்கத் தொடங்கிச்சு. நான் போய் பிணைச்சல் ஆணியக் கழட்டிப் பாத்தா ஆணியோட சேந்து மரத்தூள்தான் கொட்டுது, தேத்தண்ணியில ஊறின பிஸ்கட் மாதிரி விரலால நசுக்கவே உதிருது. தேக்கு வரி போட்ட மெல்லிய தாள் ஒண்டு மேல ஒட்டியிருக்கு, உள்ளுக்கு முழுக்க அமுக்கின தூள் பலகை.

கடைக்கு கோல் எடுத்தா நல்ல மரியாதையாத்தான் கதைச்சாங்கள், பாஸ் ஒருத்தர, அதாவது தச்சு வேலைக்காரர, அனுப்புறம் எண்டாங்கள். பாஸ் வரேல்ல. திருப்பி எடுத்தா போயா லீவு, பிறகு பாஸுக்குச் சுகமில்ல, பிறகு மனேஜர் வெளியூர். இப்பிடியே காசு கட்டின நாளில இருந்து 11 கிழமை போயிட்டுது. இந்த 11 கிழமைதான் நான் இத எழுதுறதுக்குக் காரணம், ஏனெண்டா முறைப்பாடு குடுக்கச் சட்டம் உங்களுக்குத் தாற நேரம் 3 மாசம் மட்டும்தான், அது கனபேருக்குத் தெரியாது.

முதல்ல எந்தச் சட்டம் எண்டு பாப்பம். இலங்கையில 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. அதின் கீழ வந்ததுதான் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, பேப்பர்ல நுகர்வோர் அதிகார சபை எண்டும் எழுதுவாங்கள், ரெண்டும் ஒண்டுதான். அரிசி விலை, கேஸ் விலைக்கு ரெய்ட் போற ஆக்கள் எண்டுதான் நாங்கள் எல்லாரும் அவங்கள நினைச்சு வச்சிருக்கிறம், ஆனா அந்தச் சட்டத்திட 13 ஆம் பிரிவு நேரா உங்கட அலுமாரிக்கும் பொருந்தும். ஒரு வியாபாரி வெளிப்படையாவோ மறைமுகமாவோ குடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத சாமான வித்தா நீங்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு குடுக்கலாம், அவங்கள் ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிச்சு, பிழை வியாபாரியிட எண்டு கண்டா நட்டஈடு குடு, இல்லாட்டி சாமான மாத்திக் குடு, இல்லாட்டிக் காசத் திருப்பிக் குடு எண்டு கட்டளை போடலாம். அந்தக் கட்டளைய மதிக்காட்டி விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும், அங்க அந்தத் தொகைய தண்டப்பணம் அறவிடுற மாதிரியே அறவிடுவாங்கள். இதுக்கு லோயர் பிடிக்கத் தேவையில்ல.

'மறைமுகமா' எண்ட சொல்லக் கவனியுங்கோ. வொரண்டி கார்ட் தரேல்ல, அதால ஒண்டும் செய்ய ஏலாது எண்டு கனபேர் விட்டுடுறாங்கள். அது பிழை. தேக்கு எண்டு போட்டு வித்தா அது தேக்கா இருக்கும் எண்டது அவன் குடுத்த வாக்கு. கட்டில் எண்டு வித்தா ரெண்டு பேர் படுக்க அது தாங்கும் எண்டதும் சொல்லாமலே சொன்ன வாக்குத்தான், அதுக்கு ஒரு கார்ட் அடிச்சுத் தர வேணுமெண்டு இல்ல. அதோட ஆக்கள ஏமாத்துற மாதிரி நடக்கிறதும், சாமானிட தரத்தப் பற்றிப் பொய் சொல்லி விக்கிறதும் அதே சட்டத்தில 30, 31 ஆம் பிரிவுகளில தடை.

ஆனா 13 ஆம் பிரிவில ஒரு நிபந்தனை இருக்கு. முறைப்பாடு எழுத்தில இருக்க வேணும், வித்து 3 மாசத்துக்குள்ள குடுக்க வேணும். சாமான் பழுதான நாளில இருந்து 3 மாசம் இல்ல, கடைக்காரன் கடைசியா முடியாது எண்டு சொன்ன நாளில இருந்தும் இல்ல, வித்த நாளில இருந்து. ஒன்லைன்ல காசு கட்டுறது ஒரு நாள், சாமான் வாறது வேற நாள், ஓடர் பண்ணிச் செய்விச்சா ரெண்டுக்கும் நடுவில ஒண்டரை மாசமும் போகும், அதால எது வித்த நாள் எண்டு பிறகு வாதாடிக் கொண்டு நிக்காம காசு கட்டின நாளில இருந்தே எண்ணிக் கொள்ளுங்கோ, அதுதான் பாதுகாப்பு. பாஸ அனுப்புறம், பாஸ அனுப்புறம் எண்டு இழுக்கிற ஒவ்வொரு கிழமையும் உங்கட கணக்கிலதான் கழியுது. கடைக்காரன் வேணுமெண்டு இழுக்கிறானோ, உண்மையாவே பாஸ் கிடைக்கேல்லையோ, அது எனக்குத் தேவையில்ல, முடிவு ஒண்டுதான்.

ரெண்டாவது சட்டம் பழசு, 1896 ஆம் ஆண்டு 11 ஆம் இலக்க பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தில வந்தது, இண்டைக்கும் நடைமுறையில இருக்கு. இதில மூண்டு விஷயம் ஒன்லைன் ஃபர்னிச்சருக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரிப் பொருந்துது. ஒண்டு, விவரம் சொல்லி வித்தா சாமான் அந்த விவரத்துக்கு ஒத்துப் போக வேணும், ஒன்லைன் வியாபாரமே படமும் விவரமும்தானே, நாங்கள் தொட்டுப் பாத்தா வாங்குறம்? ரெண்டு, முதல் பாக்காம வாங்கின ஆளுக்குச் சாமானப் பரிசோதிக்க நியாயமான ஒரு சந்தர்ப்பம் கிடைக்கிற வரைக்கும் அவர் அத ஏற்றுக் கொண்டார் எண்டு எடுக்க ஏலாது. லொறிக்காரன் எஞ்சினையும் நிப்பாட்டாம அவதிப்படுத்தி வாங்குற சைன், பெட்டிய உடைச்சுக்கூடப் பாக்காத நேரத்தில போட்ட சைன், அதோட எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சுப் பேசாம இருந்திடாதேங்கோ.

மூண்டாவத நான் வாசிச்சபோது எனக்கே புதுசா இருந்தது. நியாயமான காரணத்தோட சாமான ஏற்க மறுக்கிற ஆள் அத விக்கிறவனிட்டத் திருப்பிக் கொண்டு போய்ச் சேர்க்க வேணுமெண்டு கட்டாயம் இல்ல, ஏற்க மாட்டன் எண்டு அறிவிச்சா காணும். சேர்ட், சப்பாத்து எண்டா பையில போட்டுக் கொண்டு போயிடலாம், ஆறரை அடி அலுமாரிய மூண்டாம் மாடியில இருந்து யார் இறக்குறது? திருப்பி அனுப்புற லொறிக்கூலி உங்கட எண்டு கடைக்காரன் சொன்னா, ஓடர் பண்ணேக்க அப்பிடி ஒரு நிபந்தனைக்கு நீங்கள் சம்மதிக்காட்டி, பிழையான சாமானுக்கு அந்தக் கூலிய உங்கட தலையில கட்ட ஏலாது.

நிபந்தனை எண்டு சொன்னதால ஒரு எச்சரிக்கை. இந்தப் பழைய சட்டத்தில உள்ள கன பாதுகாப்புகள ரெண்டு பக்கமும் ஒத்துக் கொண்டு மாத்தலாம் எண்டும் அதே சட்டத்தில இருக்கு. அதால ஓடர் பண்ணேக்க கீழ சின்ன எழுத்தில இருக்கிறதுக்கு சும்மா டிக் போடாதேங்கோ, திருப்புறதப் பற்றி, நிறம் மாறுறதப் பற்றி, மர வகையப் பற்றி என்ன போட்டிருக்கு எண்டு பாத்து அந்தப் பக்கத்த ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கோ, விளம்பரத்தையும் சேத்து எடுங்கோ, ஏனெண்டா பிரச்சினை வந்த அண்டைக்கே தேக்கு எண்ட சொல்லு பேஜ்ல இருந்து காணாமப் போயிடும், எங்கட அக்காட விஷயத்தில அதுதான் நடந்தது. வட்ஸ்அப் மெசேஜ், ஈமெயில் எல்லாம் சும்மா கதை எண்டு நினைக்காதேங்கோ, 2006 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலத்திரனியல் ஆவணத்துக்கும் சட்ட அங்கீகாரம் குடுக்குது.

இனி உரிமை இல்லாத இடத்தையும் சொல்ல வேணும். லண்டன்ல இருக்கிற எங்கட மாமி கோல்ல சொன்னா, 14 நாளுக்குள்ள எதையும் திருப்பலாமே பிள்ள எண்டு. அங்க சரி, பிரித்தானியாவில ஒன்லைன்ல வாங்கினா காரணமே சொல்லாம 14 நாளுக்குள்ள ரத்துச் செய்ய சட்டம் இருக்கு. இலங்கையில அப்பிடி இல்ல. சோபா நல்ல சோபாதான், ஆனா வீட்டில போட்டுப் பாத்தா நிறம் கேர்ட்டினோட சேரேல்ல, மனம் மாறிட்டுது எண்டா சட்டம் உதவாது, கடைக்காரன் தான் எழுதி வச்ச ரிட்டேர்ன் கொள்கைப்படி எடுத்தா உண்டு. அதே மாதிரி மொரட்டுவையில அளவு குடுத்துச் செய்விக்கிற கட்டில்: நீங்கள் குடுத்த அளவே பிழையெண்டா அது உங்கட பிழை, நீங்கள் சரியா எழுதிக் குடுத்த அளவ அவங்கள் பிழையாச் செய்தா அது அவங்கட பிழை. அதால அளவ வாயால சொல்லாதேங்கோ, எழுத்தில அனுப்பி ஓகே எண்டு பதில் வாங்குங்கோ. பிறகு, ஆரும் வீடு மாறேக்க தங்கட பழைய செற்றிய ஃபேஸ்புக்கில போட்டு விப்பாங்கள் தானே, அப்பிடி வாங்கினா அதிகார சபைக்குப் போய் வேலையில்ல, அந்த ஆள் வியாபாரி இல்ல.

காசு வாங்கிட்டுச் சாமானே அனுப்பாம நம்பரையும் புளொக் பண்ணினா அது ஏமாத்து, பொலிஸுக்குப் போங்கோ. கார்ட்ல கட்டியிருந்தா அண்டைக்கே பேங்குக்கும் அறிவிச்சு டிஸ்பியூட் போடச் சொல்லுங்கோ. பேங்க் டிரான்ஸ்ஃபர்ல போன காச எடுக்கிறது சரியான கஷ்டம். வாங்க முதலே கடையிட விலாசத்தையும் வியாபாரப் பதிவு நம்பரையும் கேளுங்கோ, கொம்பனி எண்டா கம்பனிப் பதிவாளரிட வெப்சைட்டில பெயரத் தேடிப் பாக்கலாம். விலாசம் இல்லாத பேஜுக்கு எதிரா முறைப்பாடு குடுத்தாலும் கடிதம் எங்க போறது? எனக்கு இது பெரிய விஷயம், ஃபோன் நம்பர் மட்டும் வச்சிருக்கிற ஆளிட்ட நான் லட்சக் கணக்கில காசு கட்ட மாட்டன். பில்லும் அப்பிடித்தான், நீங்கள் கேட்டா வியாபாரி பில் தர வேணும், அது 28 ஆம் பிரிவில இருக்கு.

சாமான் வாற நாள் என்ன செய்யிறது எண்டா, பெட்டி பிரிக்கிறத ஒருத்தர் ஃபோன்ல வீடியோ எடுக்க வேணும், வெட்டு விழாம ஒரேயடியா. பின்பலகை, லாச்சி அடி, பிணைச்சல் போட்ட இடம், இந்த மூண்டையும் பாருங்கோ, முன்பக்கம் எப்பவும் நல்லாத்தான் இருக்கும், மரத்திட உண்மை அலுமாரிக்குப் பின்னாலதான் தெரியும். சைன் கேட்டா 'பெட்டி பெற்றேன், பரிசோதிக்கவில்லை' எண்டு எழுதி அதுக்குக் கீழ போடுங்கோ, ஒரு கொப்பிய ஃபோன்ல படம் பிடிச்சுக் கொள்ளுங்கோ. பிழை தெரிஞ்சா அதுக்குப் பிறகு பாவிக்காதேங்கோ, சேலையள அடுக்கி வச்சு ரெண்டு மாசம் பாவிச்சுட்டுப் பிறகு வேண்டாம் எண்டா நீங்கள் ஏற்றுக் கொண்டீங்கள் எண்டு அவங்கள் சொல்ல இடம் குடுத்த மாதிரி.

எங்கட கதைக்கு வாறன். 11 கிழமை முடிஞ்ச பிறகு எனக்கு விஷயம் தெரிஞ்சு நாளக் கணக்குப் பாத்தா மிச்சம் 9 நாள். அண்டு ராத்திரியே கடிதம் எழுதி, பில், விளம்பர ஸ்க்ரீன்ஷொட், தூள் கொட்டின ஆணியிட படம், கடைக்காரனோட கதைச்ச வட்ஸ்அப் எல்லாம் பிரிண்ட் எடுத்து, அடுத்த நாள் கொழும்பு 2 வொக்ஸ்ஹோல் வீதியில இருக்கிற அதிகார சபை ஒஃபிஸுக்கு நேரவே கொண்டு போய்க் குடுத்து, எங்கட கொப்பியில திகதி முத்திரை குத்திக் கொண்டு வந்தம். வெளி மாவட்டத்து ஆக்கள் கொழும்புக்கு வரத் தேவையில்ல, மாவட்ட ஒஃபிஸுகள் இருக்கு, 1977 எண்ட நம்பருக்கு எடுத்துக் கேக்கலாம். ஆனா கோல் எடுத்ததோட முறைப்பாடு குடுத்தாச்சு எண்டு இருந்திடாதேங்கோ, எழுத்தில போக வேணும்.

தமிழிலேயே எழுதுங்கோ. கொழும்பில இருந்து கொண்டு தமிழில குடுத்தா எடுப்பாங்களோ எண்டு அக்கா தயங்கினா, சிங்களத்தில எழுதித் தர ஆளத் தேடுவம் எண்டா, அதுக்கே இன்னும் ரெண்டு நாள் போயிருக்கும். அரச ஒஃபிஸுக்குத் தமிழில எழுதவும் அதுக்குப் பதில் வாங்கவும் அரசியலமைப்பிட 4 ஆம் அத்தியாயத்திலேயே உரிமை இருக்கு, சிங்களம் நிர்வாக மொழியா இருக்கிற இடத்திலயும் அந்த உரிமை இருக்கு. அது கருணையால தாறது இல்ல. நாங்கள் குடுத்த கடிதம் தமிழ்தான், எடுத்தாங்கள்.

விசாரணைக்கு ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டாங்கள். கடைக்காரர் முதல் தேக்கு எண்டா தேக்கு ஃபினிஷ் எண்டுதான் அர்த்தம் எண்டார், நாங்கள் ஸ்க்ரீன்ஷொட்ட வச்சம், அதில ஃபினிஷ் எண்ட சொல்லே இல்ல. பிறகு டெலிவரிக்காசக் கழிச்சுட்டு மிச்சத்தத் தாறன் எண்டார், அக்கா ஒத்துக் கொள்ளேல்ல, எனக்கு அதில சரியான சந்தோஷம். கடைசியில முழுக்காசும் ரெண்டு தவணையில வந்தது, அலுமாரிய அவங்கட லொறியே வந்து ஏத்திக் கொண்டு போனது.

3 மாசம் தாண்டிட்டுது எண்டாலும் எல்லாம் முடிஞ்சுது எண்டு இல்ல, 1896 சட்டத்தில அந்த 3 மாசக் கெடு இல்ல, மத்தியஸ்த சபைக்குப் போகலாம், சின்னத் தொகை வழக்குகள் நீதிமன்றம் போக முதல் அங்கதான் போக வேணும், அங்க இணக்கம் வராட்டி அதுக்கு ஒரு சான்றிதழ் தருவாங்கள், அதோட நீதிமன்றம் போகலாம். ஆனா அது நீண்ட பாதை, அதுக்கு முதலே செய்யப் பாருங்கோ.

கடைக்கு அனுப்புற முதல் கடிதம் பெரிசா இருக்கத் தேவையில்ல. அக்காட அலுமாரிய வச்சே ஒரு மாதிரிக் கடிதம் தாறன், மாத்திப் பாவியுங்கோ, கடைக்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாட்டி இத மட்டும் அவருக்கு விளங்குற மொழியில அனுப்புங்கோ:

'இன்ன திகதி, இன்ன ஓடர் இலக்கத்தின் கீழ், 145,000 ரூபா செலுத்தி உங்களிடம் ஒரு அலுமாரி வாங்கினேன். அது தேக்கு மரத்தால் ஆனது என உங்கள் விளம்பரத்தில் இருந்தது. இன்ன திகதி கிடைத்த பொருள் தேக்கு அல்ல, படங்கள் இணைத்துள்ளேன். இப்பொருளை நான் ஏற்க மறுக்கிறேன். 7 நாட்களுக்குள் உங்கள் செலவில் இதை எடுத்துச் சென்று முழுப் பணத்தையும் திருப்பித் தரவும். தவறினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்வேன்.'

இத வட்ஸ்அப்பிலயும் போடுங்கோ, பதிவுத் தபாலிலயும் போடுங்கோ, தபால் கந்தோரில தாற துண்ட பில்லோட சேத்துக் குத்தி வையுங்கோ. 7 நாள் முடிஞ்ச அடுத்த நாள் பதில் இல்லையெண்டா, பாஸ் வாறார் எண்டு சொன்னாலும் பரவாயில்ல, வொக்ஸ்ஹோல் வீதிக்குக் கிளம்புங்கோ.