மான் கறிக்குப் பங்கு போடும் முன்

பங்குனி பிறந்துவிட்டது. காட்டுக்குள் குட்டைகள் வற்றினால் புள்ளிமான்கள் தண்ணீர் தேடித் தோட்டங்களுக்கு இறங்கும். அதற்குப் பின்னாலேயே என் அலுவலகத்துக்கும் ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். மலையடிவார ஊரில் 18 வருடமாக வக்கீலாக இருக்கிறேன். வருடா வருடம் இதே கதைதான். போன வாரம் வந்த கேஸுக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பையனுக்கு 22 வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவன். நாய்கள் துரத்திக் கடித்துக் கொன்ற மானை நான்கு பேர் சேர்ந்து கூறு போட்டிருக்கிறார்கள். இவன் 500 ரூபாய் கொடுத்து ஒரு கூறு வாங்கி, பைக்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். போதாததற்குப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டான். மறுநாள் விடிவதற்குள் வனத்துறை ஜீப் வாசலில் நின்றது. பையன் ரிமாண்டில். பைக் பறிமுதல், அதற்கு இன்னும் தவணை முடியவில்லை. அவன் அம்மா என் முன்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "சார், எம் பையன் வேட்டைக்கே போகலைங்க. காசு குடுத்துத்தாங்க வாங்கினான்."

இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனசு விட்டுப்போகிறது. சுட்டவன் மேல்தான் கேஸ், தின்றவன் மேல் இல்லை என்று யார் கிளப்பிவிட்டார்கள்? 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவுப்படி, வேட்டையாடிய மான் மட்டுமல்ல, செத்துக் கிடக்கும் மானும் அரசாங்கச் சொத்து. நாய் கடித்தாலும், லாரியில் அடிபட்டாலும், கிணற்றில் விழுந்து செத்தாலும் அப்படித்தான். அது உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீசிலோ வனத்துறையிலோ சொல்லியாக வேண்டும். அரசாங்கச் சொத்தை நாலு பேர் கூறு போட்டு விற்க முடியாது. 500 ரூபாய் கொடுத்ததால் அது உங்களுடையதும் ஆகாது.

இதைவிட மோசம் 57ஆவது பிரிவு. கறி உங்களிடம் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும், சட்டவிரோதமாகத்தான் வைத்திருந்தீர்கள் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. கொலை வழக்கில்கூட நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பிடம்தான் இருக்கும். இங்கே அது நம் தலையில் விழுகிறது. என்னைப் போன்றவர்கள் வாதாட எவ்வளவு குறைவான இடம் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். சமைத்துவிட்டால் ஆடா மானா என்று தெரியாது என்பார்கள். குழம்பில் கிடக்கும் துண்டை வைத்தே டி.என்.ஏ. பரிசோதனையில் சொல்லிவிட முடியும்.

2023 ஏப்ரல் 1 முதல் அபராதமும் கூடிவிட்டது. பொதுவாக 3 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிமான், சருகுமான் என்றால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பணம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பெரியவர்கள் சிலர், "எங்க அப்பாவே லைசென்ஸ் வெச்சு மான் சுட்டவருங்க" என்பார்கள். உண்மைதான். அந்த லைசென்ஸ் முறையை 1991ஆம் வருடத் திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் மான் சுட்டுப் படம் அனுப்பினால், அங்கே ஒவ்வொரு மாநிலமும் சீசன் குறித்து லைசென்ஸ் கொடுக்கிறது. நம் நாட்டில் மானுக்கு அப்படி ஒரு சீசனே கிடையாது. பயிரைக் காக்கக் கொடுத்த துப்பாக்கி லைசென்ஸ் வேட்டை லைசென்ஸ் ஆகாது. திருவிழா வேட்டைக்கும் விலக்கு இல்லை.

அப்புறம் இந்தச் சுருக்குக் கம்பி. "பன்னிக்குத்தாங்க கட்டினேன்" என்று சொல்லாதீர்கள். கம்பிக்குப் பன்னி எது, மான் எது என்று தெரியாது. கண்ணி வைப்பதும், வைக்க முயல்வதும்கூடச் சட்டத்தில் வேட்டைதான். தோட்டத்தில் எங்காவது கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள்.

மழை வரும்வரை ராத்திரியில் நாயைக் கட்டிப்போடுங்கள், தயவுசெய்து. தோட்டத்துக்குள் மான் வந்துவிட்டால் கூட்டம் கூட்டிக் கத்தாதீர்கள். காயமே இல்லாமல் பயத்திலேயே செத்துப்போகும் பிராணி அது. பிடிக்கவும் போகாதீர்கள், வழி விட்டு ஒதுங்கி நில்லுங்கள். கிணற்றில் விழுந்தால் நீங்கள் இறங்க வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். செத்துக் கிடந்தால் தொடாமல் போன் செய்யுங்கள். உங்கள் பகுதி ரேஞ்ச் ஆபீஸ் நம்பரை இப்போதே போனில் போட்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் 112.