டிஸ்கஸ் வாங்குமுன் அந்த டி.டி.எஸ். பேனாவை ஓரமாக வையுங்கள்

மறுபடியும் ஒரு தொட்டி. இந்த வருடம் எத்தனையாவது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

மதுரை ஆனையூர்ப் பக்கம் ஒரு வீடு. பணி ஓய்வு பெற்ற பெரியவர், மீன் மேல் நிஜமான பிரியம் உள்ளவர். காலை ஆறு மணிக்குப் போன்: "தம்பி, நாலும் சாஞ்சிருச்சு. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?" போனேன். டி.வி. ஸ்டாண்டு மேல் இரண்டடித் தொட்டி. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் நாலு டிஸ்கஸ் மீன், கருத்துப்போய், ஒருக்களித்துக் கிடந்தன. ஒன்றுக்கு மட்டும் செவுள் லேசாக அசைந்தது.

நான் உட்காருவதற்குள் பெரியவர் சட்டைப்பையிலிருந்து டி.டி.எஸ். பேனாவை எடுத்துவிட்டார். முந்தின நாள் ராத்திரி மாற்றிய பழைய தண்ணீரை மல்லிகைச் செடிக்கு ஊற்றலாம் என்று வாளியில் வைத்திருந்தார். அதில் முக்கிக் காட்டினார். "பாருங்க, 84. புதுத் தொட்டி, மூணு வாரமா மாத்தாம முழுக்க ஆர்.ஓ. தண்ணிதான். நாங்க குடிக்கிறதே இதைத்தான். மீனு டல்லா இருக்கேன்னு நேத்து பாதித் தண்ணிய எடுத்துட்டுப் போர் தண்ணி ஊத்துனேன். அதுதான் கொன்னுருச்சு."

வாளித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டேன். மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாகவே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் கறிவேப்பிலைப் பச்சைக்குப் போனது. பி.எச்., அதாவது தண்ணீரின் புளிப்பு அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்), 6. என் கிட் காட்டக்கூடிய கடைசிப் படி அது. உண்மையில் அதற்கும் கீழே இருந்திருக்கலாம்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். டி.டி.எஸ். பேனா தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று தோராயமாகச் சொல்லும். அவ்வளவுதான். அந்த உப்பு எது என்று அதற்குத் தெரியாது. மீனைக் கொல்லும் அளவு அம்மோனியா இருந்தாலும் பேனாவில் எண் ஒன்றிரண்டுதான் நகரும். 84 என்பது நல்ல தண்ணீருக்கான மார்க் கிடையாது சார். அது வெறும் 84.

அடுத்தது, 'ஆர்.ஓ. ஊத்துனா டிஸ்கஸ் வளரும்' என்கிற நம்பிக்கை. அமேசான் ஆற்றுப் பக்கத்து மீன், மென்மையான புளிப்புத் தண்ணீரில் வாழ்வது, ஆகவே ஆர்.ஓ. என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு பாதி சரி. ஆனால் ஆர்.ஓ. உப்போடு சேர்த்துத் தண்ணீரின் காரத் தாங்குதிறனையும், அதாவது பி.எச். சரியாமல் பிடித்து நிறுத்தும் சக்தியையும், எடுத்துவிடுகிறது. மீன் கழிவு சேரச் சேர பி.எச். சரிந்துகொண்டே போகும், தடுக்க ஆள் இல்லை. 6-க்குக் கீழே போனால் ஃபில்டரில் இருந்து அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிடும். அம்மோனியா குவியும். ஆனாலும் அந்தப் புளிப்பில் அது பெரும்பாலும் விஷம் குறைந்த வடிவத்தில் இருப்பதால் மீன் சாகாமல், இரை எடுக்காமல், மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் நம் மதுரை போர் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் பி.எச். ஒரே இரவில் எகிறும். ஒரு படி ஏறினாலே அம்மோனியாவின் நஞ்சு ஏறக்குறைய பத்து மடங்கு. ஆக, பெரியவர் பாதித் தண்ணீரை எடுத்து அம்மோனியாவைப் பாதியாக்கியும் விஷம் பல மடங்காகிவிட்டது. தண்ணீர் மாற்றியது கொல்லவில்லை. மூன்று வாரம் மாற்றாமல் விட்டதும், ஃபில்டர் பழுக்காத, அதாவது நல்ல பாக்டீரியா இன்னும் வளராத தொட்டியில் மீனை விட்டதும்தான் கொன்றது.

(வீட்டு ஆர்.ஓ. மிஷின் மணிக்குப் பத்துப் பதினைந்து லிட்டர்தான் தரும். அதைவிடக் கூடுதலாக வெளியே கழிக்கும். நூறு லிட்டர் பிடிக்க ஏழு முதல் பத்து மணி நேரம். வீட்டம்மா கரண்டியோடு வருவது நிச்சயம்.)

கடையில் வரும் டிஸ்கஸ் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. விற்பவரிடம் 'எந்தத் தண்ணியில வச்சிருக்கீங்க, பி.எச். என்ன?' என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். பி.எச். 7.5-இல் ஆடாமல் அசையாமல் நிற்கும் தண்ணீர், தினம் ஏறி இறங்கும் 6.5-ஐ விட எவ்வளவோ மேல். போர் தண்ணீர் ரொம்பக் கடினம் என்றால் ஆர்.ஓ.வைக் கலந்துகொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் அதே விகிதத்தில். பி.எச். குறைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம். கடினத் தண்ணீரில் இறங்கின மாதிரி இறங்கி மறுநாள் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

வாட்ஸ்அப்பில் தொட்டி போட்டோ அனுப்பி 'இதுல டிஸ்கஸ் விடலாமாண்ணே?' என்று கேட்கிறீர்கள். போட்டோவில் தண்ணீர் பேசாது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு.

தொட்டி எத்தனை அடி? வளர்ந்த டிஸ்கஸ் சாப்பாட்டுத் தட்டில் பாதி இருக்கும். ஒன்றுக்கு 40 லிட்டராவது வேண்டும். கூட்ட மீன், ஐந்தாறுக்குக் குறைத்தால் பலசாலி ஒன்று இளைத்ததை அடித்தே கொன்றுவிடும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் என்றால் சுமார் 340 லிட்டர். அது சரியான தொட்டி. டி.வி. ஸ்டாண்டு தாங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளாக ஓடுகிறது? நாலு முதல் ஆறு வாரம் ஓடி, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் தலைகாட்டியிருக்க வேண்டும் (பாக்டீரியா அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும்). 'கடைக்காரர் மூணு நாள் போதும்னாரு' என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

ஹீட்டர் இருக்கிறதா? 'மதுரைக்கு எதுக்குண்ணே ஹீட்டர்' என்று சிரிக்கிறார்கள். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி. மார்கழி ராத்திரியில் தண்ணீர் அதற்கு நன்றாகக் கீழே போகும். ஏ.சி. அறையென்றால் சித்திரையிலும் போகும். அக்னி நட்சத்திரத்தில் நேர்மாறு: மாடி டேங்க் தண்ணீர் கையைச் சுடும், அதை அப்படியே திறந்துவிடாதீர்கள். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் போக வழி செய்யுங்கள்.

கரண்ட் போனால்? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கும், ஃபேன் சுற்றும், தொட்டி பிளக் மட்டும் அந்த லைனில் இருக்காது. போய்ப் பாருங்கள், இப்போதே. 30 டிகிரித் தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு. ஹீட்டர் நின்றாலும் சூடு சில மணி நேரம் தாங்கும், காற்று தாங்காது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, கால்பங்கு முதல் பாதி வரை, யார் தண்ணீர் மாற்றப் போவது? 'பையன் பாத்துப்பான்' என்றால் விட்டுவிடுங்கள். தயவுசெய்து.

கோல்ட் ஃபிஷ் கூட விடலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

பெரியவருக்கு டிஸ்கஸ் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் சொன்னேன். இப்போது அதே இரண்டடித் தொட்டியில் மோலி நீந்துகிறது. கடினத் தண்ணீர் அதற்குப் பிடிக்கும், போர் தண்ணீரே போதும். போன வாரம் ஃபில்டர் கழுவப் போனபோது குட்டி போட்டிருந்தது. டி.டி.எஸ். பேனா எங்கே ஐயா என்றேன். பேரன் ரசத்தில் முக்கிப் பார்த்துவிட்டானாம்.